மருத்துவமனைக்குப் பிறகு வரும் ஆண்டுகள்



பொருளியல் துறையின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, தலைப்பை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். முதுமையில் தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்பு, அதற்கான முன்னேற்பாடு, காப்பீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மருத்துவ க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே ஒரு பாலிசிப் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டில் மருத்துவக் காப்பீடு இருந்தால், பத்திரத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். ‘எக்ஸ்க்ல் 05’ என்று குறியிட்ட ஒரு பத்தி இருக்கும். விலக்குகளின் வாசகத்தை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியாக்கி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்துக் கொடுத்தது அது. குளிக்க வைக்க, உடை மாற்ற, நடக்க வைக்க என்று அன்றாடக் காரியங்களுக்கு ஒருவருக்குச் செய்யும் உதவி, வீட்டில் செய்தாலும் பராமரிப்பு இல்லத்தில் செய்தாலும், பயிற்சி பெற்ற நர்ஸ் செய்தாலும் சாதாரண ஆள் செய்தாலும், அந்தச் செலவு கிடைக்காது என்பது அதன் சாரம். மரணத் தறுவாயில் இருப்பவரின் உடலுக்கும் மனத்துக்கும் செய்யும் பணிவிடையும் அதே பத்தியில் விலக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பத்தி ஒரு வீட்டில் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெரியவருக்குப் பக்கவாதம், வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். மருத்துவமனைச் செலவு முழுவதும் பாலிசியில் தீர்ந்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு அறுபது நாள் வரை மருந்து, ஸ்கேன், பிசியோதெரபிக்கும் கொடுத்தோம். அதற்கு மேல்தான் அவர் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பில் கட்டைக் கொண்டுவந்தார். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலுக்கு மாத வாடகை. படுக்கைப் புண் வராமலிருக்க காற்று மெத்தை. டயாப்பர். மூக்குக் குழாய் மாற்ற வந்த நர்ஸுக்குக் கொடுத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை, ஏஜென்சி மூலம் வந்த அட்டெண்டருக்கு. அந்த பில்களில் ஒன்றைக்கூட எங்களால் ஏற்க முடியவில்லை. அவர் சண்டை போடவில்லை. “சார்ஜ் எல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுதான் ஆகும்னு நெனச்சோம்மா” என்று மட்டும் சொன்னார்.

அவர் நினைத்ததைத்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். காப்பீடு என்றாலே ஆஸ்பத்திரிக் காப்பீடு என்று பழகிவிட்டோம். முதுமையின் பெரும் செலவோ பல வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு நாள் கணக்கில் முடியும். வீட்டுக் கட்டிலில் ஆகும் செலவு ஆண்டுக் கணக்கில் ஓடும். இரவும் பகலும் வீட்டோடு தங்கும் ஓர் ஆளை ஏஜென்சி மூலம் வைத்துக்கொள்ள, சென்னை, கோவை போன்ற நகரங்களில் இன்று மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நடுத்தரக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் பெரும்பங்கு அது. ஆள் வைக்க முடியாத வீட்டில், மகளோ மருமகளோ வேலையை விடுகிறாள்.

குளித்தல், உடுத்துதல் என்று அந்தப் பத்தியில் வரும் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று கவனித்துக் குறித்தார்கள். தானாகக் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்ற ஆறும் எவ்வளவு முடிகிறது என்பதை வைத்து ஓர் அளவுகோலை 1963-ல் வெளியிட்டார்கள். குழந்தை எந்த வரிசையில் இவற்றைக் கற்றுக்கொள்கிறதோ, ஏறத்தாழ அதற்குத் தலைகீழான வரிசையில் முதியவர் இழக்கிறார் என்றும் கண்டார்கள். முதலில் குளியல் கைவிட்டுப் போகிறது. கையால் எடுத்து உண்பது கடைசியில் போகிறது. பாட்டியைப் பார்த்துக்கொண்ட எந்தப் பெண்ணும் இதைச் சொல்லியிருப்பாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. காட்ஸ் அதை எண்ணாக மாற்றிக் கொடுத்தார்.

அந்த எண்ணைக் கொண்டுதான் உலகின் பராமரிப்புக் காப்பீடுகள் பல நடக்கின்றன. நம் மொழி ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் எல்டர்ஷீல்ட் என்ற திட்டம் கொண்டுவந்தார்கள். மாதம் 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஐந்தாண்டுக்கு மட்டும். 2007-ல் 400 வெள்ளி, ஆறாண்டு என்று உயர்த்தினார்கள். படுத்த முதியவர் ஆறாண்டோடு எழுந்து நடந்துவிடுவதில்லை என்பதால் அதுவும் போதவில்லை. 2020-ல் கேர்ஷீல்ட் லைஃப் வந்தது. 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாயம். முப்பது வயதில் தொடங்கி 67 வயது வரை பிரீமியம். அதை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தே கட்டலாம். குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறை, நடமாட்டம், இடம் மாறுதல் என்ற ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாது என்று மருத்துவர் சான்றளித்தால் மாதாமாதம் பணம் வரும். அந்த நிலை நீடிக்கும்வரை, ஆயுள் முழுக்க வரும். 2020-ல் 600 வெள்ளியில் தொடங்கிய தொகை ஆண்டுதோறும் ஏறி 2025-ல் 662 ஆனது. ஏற்கெனவே உடல் முடங்கியவர் என்பதற்காக அந்த வயதுக்காரர் எவரையும் ஒதுக்கவில்லை.

நம் எக்ஸ்க்ல் 05 பத்தியையும் சிங்கப்பூர்த் திட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் மனசு வலிக்கிறது. ஏறக்குறைய ஒரே பட்டியல். அங்கே அந்தப் பட்டியலைச் சொல்லிப் பணம் கொடுக்கிறார்கள். இங்கே அதே பட்டியலைச் சொல்லித்தான் நாங்கள் மறுத்தோம். நம் நிறுவனங்களைக் குறை சொல்ல இதை நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கணக்கிட்ட பிரீமியத்தில் பராமரிப்புச் செலவைக் கொடுக்க முடியாது. அதற்கென்று தனியாக ஒரு காப்பீட்டை நம் நாடு இன்னும் உருவாக்கவில்லை என்பதுதான் குறை.

இதற்கு முன்னோடி ஜெர்மனி. 1995-ல் பராமரிப்புக் காப்பீட்டைச் சமூகக் காப்பீட்டின் ஐந்தாவது தூணாக நிறுவினார்கள். தொழிலாளியும் முதலாளியும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். முதலாளிகளின் சுமையை ஈடுகட்ட, நவம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில் வரும் பிராட்டஸ்டன்ட் திருநாள் விடுமுறையை, சாக்சனி தவிர்த்த மற்ற மாநிலங்கள் கைவிட்டன. படுத்த முதியவர்களுக்காக ஒரு தேசமே ஒரு நாள் கூடுதலாக வேலை செய்ய ஒப்புக்கொண்டது. குழந்தை இல்லாதவர்கள் அங்கே சற்றுக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். வீட்டில் உறவினரே பார்த்துக்கொண்டால் முதியவருக்குப் பராமரிப்புப் பணம் வருகிறது. இன்னொன்றை நான் பெரிதாக மதிக்கிறேன்: வாரத்தில் குறைந்தது பத்து மணி நேரம் வீட்டு முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கு, அவருடைய எதிர்கால ஓய்வூதியத்துக்கான சந்தாவை அந்தக் காப்பீட்டு நிதியே கட்டுகிறது. வேலையை விட்ட மருமகளின் முதுமையையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட சட்டம் அது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1997-ல் சட்டம், 2000 ஏப்ரலில் நடைமுறை. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள்; நிதியில் பாதி பிரீமியம், பாதி வரிப்பணம். நகராட்சிதான் காப்பீட்டாளர். 74 கேள்விகள் கொண்ட படிவத்தோடு வீட்டுக்கே வந்து மதிப்பிட்டு, ஏழு நிலைகளில் ஒன்றில் சேர்க்கிறார்கள். யார் வருவது, எப்போது குளிப்பாட்டுவது, பகல்நேர மையத்துக்கு எந்தக் கிழமை அழைத்துப் போவது என்றெல்லாம் ஒரு பராமரிப்பு மேலாளர் திட்டம் போட்டுத் தருகிறார். பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். ஆனால் குடும்பத்தாருக்குப் பணம் கொடுப்பதில்லை. சட்டம் உருவான நாட்களில் பெண்ணுரிமையாளர் ஹிகுச்சி கெய்கோ முதலிய பெண்கள் அதை எதிர்த்து வாதாடினார்கள். கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, அதைக் காட்டியே மருமகளைக் கட்டிலருகே நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம்.

ஜெர்மனியா, ஜப்பானா என்று கேட்டால், நம் ஊருக்கு ஜப்பானியப் பெண்களின் எச்சரிக்கைதான் பொருந்தும் என்பது என் கருத்து. மாதம் ஒரு தொகை வந்தால் நம் வீடுகளில் அது யார் கைக்குப் போகும், வேலை யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். ஆளாக, உதவியாக, பகல்நேர மையமாக வரும் பராமரிப்பே நமக்கு முதலில் வேண்டும்.

தனியார் சந்தையே இதைப் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே பராமரிப்புக் காப்பீட்டைப் பல நிறுவனங்கள் விற்றன. நிறையப் பேர் பாதியில் பாலிசியைக் கைவிட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள், மக்கள் கைவிடவில்லை. நீண்ட நாள் வாழ்ந்தார்கள், நீண்ட நாள் பராமரிப்பும் தேவைப்பட்டது. பிரீமியங்கள் தாறுமாறாக ஏறின. பல நிறுவனங்கள் விற்பதையே நிறுத்தின. பழைய பராமரிப்பு பாலிசிகளின் பொறுப்புக்காக ஏழு ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று 2018 ஜனவரியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அறிவித்தது. விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்று விட்டால், உடம்பு முடியாதவரே முந்திக்கொண்டு சேர்வார், இளைஞர் சேர மாட்டார், பிரீமியம் ஏறும், இருப்பவரும் விலகுவார். இளமையிலேயே எல்லோரும் சேர்ந்தால்தான் ஒரு தலைக்குத் தொகை சிறிதாக இருக்கும். நாற்பது வயதில் இது வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது என்பதால்தான் கட்டாயம் தேவைப்படுகிறது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர். அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு 2021-க்கு 13.6 விழுக்காடு என்றும், 2031-க்கு 18.2 விழுக்காடு என்றும் சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இந்திய முதியோரிடையே நடந்த ஆய்வொன்று, அறுபதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. மறதிநோய் வந்தவர் நன்றாக நடப்பார், நன்றாகச் சாப்பிடுவார், ஆனால் ஒரு நிமிடமும் தனியே விட முடியாது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. முதியோர் மருத்துவத்துக்குச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராசன் தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவுக்கே அது முன்னோடி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு ஏழைக் குடும்பங்களை ஆஸ்பத்திரிக் கடனிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் படுக்கையில் கிடப்பவரைத் தினமும் திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை வேண்டுமே, அதற்கு இவற்றில் எதிலும் வழி இல்லை.

அரசு செய்யும்வரை குடும்பம் என்ன செய்வது? ஐம்பது வயதுக்காரர்கள் கவனமாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். அறுபத்தைந்துக்கு மேல் பாலிசி கிடையாது என்ற வயது வரம்பு 2024-ல் நீங்கிவிட்டது. ஆனாலும் நோய் வருமுன் எடுப்பதுதான் மலிவு. கூடவே, தீவிர நோய்களுக்கு மொத்தத் தொகை தரும் பாலிசி ஒன்றைப் பாருங்கள். பக்கவாதத்தின் பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேலும் நிரந்தரமாக நீடித்தால், ஆஸ்பத்திரி பில்லோடு தொடர்பில்லாமல் அந்தத் தொகை வரும். அட்டெண்டர் சம்பளத்துக்குப் பயன்படுத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். இன்றைய நிலையில் பராமரிப்புக் காப்பீட்டுக்கு அருகில் வருவது அது ஒன்றுதான். மறதிநோய்க்கும் மூப்பின் தளர்ச்சிக்கும் பல பாலிசிகளில் அது உதவாது. அதற்கு வைப்பு நிதிதான். மகள் கல்யாணத்துக்கு, மகன் படிப்புக்கு என்று பெயரிட்டுச் சேர்க்கும் நாம், பராமரிப்புக்கென்று பெயரிட்டு ஒரு தொகையைத் தனியே வைப்பதில்லை. பெயர் வைத்தால்தான் அந்தப் பணம் வேறு காரியத்துக்குப் போகாமல் நிற்கும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் கையெழுத்து. கணக்கில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. கை விழுந்தவருக்கு வழி உண்டு: கைநாட்டு, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை, இரண்டு சாட்சிகள், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. ஆனால் நினைவு தவறியவருக்கு இது உதவாது. பவர் எழுதி வாங்கியிருக்கிறோமே என்பார்கள். எழுதிக் கொடுத்தவரின் புத்தி தெளிவு போய்விட்டால், நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவரும் செல்லாது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது காகிதமாகிவிடுகிறது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை செய்ய ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2024-ல்தான் அவரைப் பாதுகாவலராக நியமித்தார்கள்.

எனவே சேமிப்புக் கணக்கை, இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் கணவன் மனைவி பெயரில் மாற்றுங்கள். பிக்சட் டெபாசிட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதே முறையில் போட்டிருந்தாலும், முதிர்வுக்கு முன்பே உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஒரே பெரிய டெபாசிட்டாகப் போடாமல், அடுத்தடுத்து முதிரும்படி சிறுசிறு தொகையாகப் பிரித்துப் போடுங்கள். வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயரில் செட்டில்மென்ட் எழுதும் வழக்கம் நம்மிடம் அதிகம். உயில் எழுதுங்கள் என்பேன். செட்டில்மென்ட்தான் என்றால், எங்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ், அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாயால் சொன்ன வாக்கை நிரூபிப்பது கடினம்.

இன்னொரு காகிதம், மீளமுடியாத கட்டத்தில் எனக்கு வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ ஆணை. உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது; நடைமுறை சிரமமாக இருந்ததால் 2023-ல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். ஐசியு வாசலில் அண்ணன் தம்பிகள் முடிவெடுக்க முடியாமல் தவிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா எழுதி வைத்த நாலு வரி அந்தத் தவிப்பைத் தீர்த்திருக்கும்.

பராமரிக்க வரும் ஆளைப் பற்றியும் பேச வேண்டும். அட்டெண்டராக வருபவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். முதுகு பிடிக்காமல் ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கும் முறையைக்கூட அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுப்பதில்லை. ஏஜென்சி கமிஷன் எடுத்துக்கொள்கிறது. லீவு கிடையாது, பிஎஃப் கிடையாது. அவர்கள் முதியவர்களாகும்போது யார் பார்ப்பார்கள்? பராமரிப்புக் காப்பீடு என்று ஒன்று வந்தால், முதியவருக்கு மட்டும் அது போதாது. இவர்களுக்கு முறையான பயிற்சியும், நிர்ணயிக்கப்பட்ட கூலியும், ஓய்வு நாளும் அதிலிருந்தே வர வேண்டும்.

அரசுக்கு என் கோரிக்கை இது. எல்லோருக்கும் நாளையே தொடங்க வேண்டாம். அரசு ஊழியர்களிடமும் ஓய்வூதியர்களிடமும் மருத்துவக் காப்பீட்டுக்காக மாதாமாதம் பிடித்தம் செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதோடு பராமரிப்புக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து முதலில் அங்கே தொடங்கலாம். அடுத்து, தொழிலாளர் நல வாரியங்கள் வழியாக அமைப்புசாராத் தொழிலாளர்களைச் சேர்த்து, அவர்கள் பங்கை அரசு கட்டலாம். யாருக்கு எந்த அளவு உதவி தேவை என்று மதிப்பிட, வீடு வீடாகப் போய்ப் பழகிய மக்களைத் தேடி மருத்துவப் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். மத்திய அரசுக்கும் ஐஆர்டிஏஐக்கும் ஒரு கோரிக்கை: எக்ஸ்க்ல் 05 விலக்கிவைக்கும் செலவை மட்டும் ஏற்கும் தனி பாலிசிக்கு ஒரு பொது வடிவம் வகுத்து, எல்லா நிறுவனங்களும் அதை விற்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். 2020-ல் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொது பாலிசியை அப்படித்தான் கொண்டுவந்தீர்கள்.

கடைசியாக, இந்தத் துறையின் மாணவர்களுக்கு. உங்கள் மாவட்டத்தில் அறுபதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆறு காரியங்களில் எத்தனைக்கு உதவி வேண்டியிருக்கிறது, அந்த உதவியை யார் செய்கிறார்கள், அதற்காக வேலையை விட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எடுங்கள். பிரீமியம் எவ்வளவு என்று சொல்ல அந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளைச் சொற்பொழிவில், உங்களில் ஒருவர் அந்தக் கணக்கை இந்த மேடையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.